ரப்பர் ஷீட்டுக்கு அடங்காத உருமி

போகவில்லை, மாமா. நாற்றம் அப்படியேதான் இருக்கிறது. "ரெண்டு நாள்ல போயிரும்" என்றீர்கள். எந்த இரண்டு நாள் என்று சொல்லவில்லை.

மன்னிக்கவும். முறைப்படி தொடங்கியிருக்க வேண்டும். புலாவ் செபாங்கில் இருக்கும் பிச்சைமுத்து மாமாவுக்கு ஆயர் குரோவிலிருந்து ஷாந்தினி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் முழங்கால் நலமாக இருக்க வேண்டும். உங்கள் ரப்பர் மரங்களும் நலமாக இருக்கட்டும், அவை இருக்கிற இடத்திலேயே. அம்மா நலம். நான் நலமில்லை. அதைத்தான் எழுத வருகிறேன்.

போனில் சொல்லலாம். ஆனால் போனில் நீங்கள்தான் பேசுவீர்கள். நான் "மாமா, அது வந்து" என்பதற்குள் தீர்வு சொல்லி வைத்துவிடுவீர்கள். குரல் செய்தி அனுப்பினால் பாதியில் நிறுத்திவிட்டு மீதியை ஊகித்துப் பதில் அனுப்புகிறீர்கள். காகிதம் பொறுமையானது. அம்மா உங்கள் ஊருக்கு வரும்போது கொண்டுவருவார். கடைசிவரை படியுங்கள். நடுவில் எழுந்து லாரியை எடுக்காதீர்கள்.

என் வேலை என்னவென்று உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியாது. "கம்ப்யூட்டர்ல ஏதோ பேசிக்கிட்டு இருக்கா" என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறீர்கள். தண்ணீர் வடிகட்டி விற்கும் ஒரு நிறுவனத்தின் உதவி எண். தமிழில் பேசுகிறவர்கள் என்னிடம் வருவார்கள். பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தேன். இப்போது "சிவப்பு விளக்கு எரியுதா, விட்டு விட்டு எரியுதா" என்று கேட்கிறேன். அதில் எனக்குக் குறையில்லை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதற்காகத்தான் இதைப் பிடித்தேன். அப்பா போன பிறகு அம்மா இந்த வீட்டில் தனியாக இருந்த ஒரு வருடம் எனக்குத் தெரியும். தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பார். பேச்சுக் குரல் கேட்டால் போதுமாம். இந்த வேலை நிரந்தரமாகவில்லை என்றால் நான் மறுபடி கோலாலம்பூர் போக வேண்டும். ஒரு வாடகை அறை. அம்மா மறுபடி அந்தத் தொலைக்காட்சி. ஆகவே சத்தம் என்பது எனக்கு எரிச்சல் மட்டுமில்லை, மாமா. வேலை தங்குமா தங்காதா என்பதே அதில் இருக்கிறது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் மலர்க்கொடி ஆன்ட்டி வீடு. அவர் மகன் யுகேந்திரனுக்கு உருமி மேளக் குழு. தொழிற்சாலையில் அவனுக்கு இரவு வேலை. பகலில் எழுந்து, போர்ச்சில் கூட்டாளிகளை வைத்துக்கொண்டு மாசி மகத்துக்குப் பயிற்சி. நான் பகலில் பேசுகிறவள். அவன் பகலில் அடிக்கிறவன். நடுவில் ஒரு செங்கல் அகலம்.

இதில் ஒரு வன்மம் இருப்பதை நான் கவனித்து வைத்திருந்தேன். ஓர் அழைப்பு முடிந்து, "அழைத்தமைக்கு நன்றி, இந்த நாள் நல்ல நாளாக அமையட்டும்" என்று நிறுவனம் எழுதிக் கொடுத்த வாக்கியத்தை நான் சொல்லி வாயை மூடியதும் உருமி தொடங்கும். மூச்சு விட இடைவெளி கிடைக்கும் அந்த ஒரு நிமிடத்தில். சரியாக. அடுத்த அழைப்பு வந்து நான் வணக்கம் சொன்ன பிறகும் இரண்டு மூன்று அடி விழுந்துவிட்டுத்தான் ஓயும். மனிதர் இளைப்பாறும் நேரமாகப் பார்த்து அடிக்கிறார்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு தஞ்சோங் கிளிங் ஊரிலிருந்து அந்த அழைப்பு வந்தது. அம்மா உங்களிடம் சுருக்கமாகச் சொல்லிச் சிரித்திருப்பார். சிரிக்க ஒன்றுமில்லை. ஒரு பெண். வடிகட்டியில் தண்ணீர் மெதுவாக வருகிறதாம். நான் பதில் சொல்லி, முடிவு வாக்கியத்தையும் சொல்லிவிட்டேன். வழக்கப்படி உருமி எழுந்தது.

"இருமா, வெச்சிராத, இன்னொன்னு கேக்கணும்" என்றார் அவர். போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்திருக்கிறார். பின்னால் அவர் மாமியார் காய் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்னாது, உருமி மாரி கேக்குது?"

"பக்கத்து வீட்டு டிவிங்க" என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ உருண்டு விழுந்த சத்தம். பிறகு ஒரு நீண்ட ஏப்பம். பிறகு அந்தப் பெண்ணின் அலறல். "அய்யோ, அத்தைக்குச் சாமி வந்துருச்சு! இருசம்மா அத்தைக்குச் சாமி வந்துருச்சு!"

சாமி போனை எடுத்துக்கொண்டது, மாமா. "யாருடி நீ? பேரச் சொல்லு!" வாடிக்கையாளர் பெயர் கேட்டால் மறுக்கக் கூடாது என்பது எங்கள் விதி. சொன்னேன். "ஷாந்தினி! என் வாசலுக்கு வந்து எத்தன வருசமாச்சு உனக்கு?" என்றது. உண்மைதான். அதுதான் இன்னும் எரிகிறது. எலுமிச்சம்பழம் கேட்டது. எங்கள் நிறுவனம் உதிரிப் பாகங்களை மட்டுமே அனுப்பும் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? சுவருக்கு அந்தப் பக்கம் யுகேந்திரன் வேகத்தைக் கூட்டினான். தஞ்சோங் கிளிங்கில் சாமி ஆடியது. இந்த அழைப்பு தரமேம்பாட்டுக்காகப் பதிவு செய்யப்படும் என்று முதலிலேயே அறிவித்துவிடுவோம். பதிவானது.

மறுநாள் கோலாலம்பூரிலிருந்து தேவிஸ்ரீ பேசினார். என் மேலாளர். என்னைவிட ஒரு வயது மூத்தவர், பத்து வயது மூத்தவர்போல் பேசுவார்.

"ஷாந்தினி, இந்தக் கம்ப்ளெய்ன்ட்ட எந்தக் கேட்டகரில போடுறது? லிஸ்ட்ல சாமின்னு ஒன்னு இல்ல லா."

அவரே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

"பேக்ரவுண்ட் நாய்ஸ்னு போட்டுடறேன். ஆனா இங்க பாரு, உன் புரொபேஷன் முடியப்போவுது. இன்னும் ஒரு தடவ மேளம் கேட்டுச்சு, என்னால ஒன்னும் பண்ண முடியாது. சொல்லிட்டேன்."

அன்றே நான் பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினேன். நியாயமான மனுஷி அதைத்தான் செய்வாள். கேட்டைத் தொடுவதற்குள் அம்மா கையைப் பிடித்துவிட்டார்.

"போவாத. ஒங்கப்பாவத் தூக்கிக்கிட்டு ஓடுனது யாரு? அந்தப் பையன்தான். ஆஸ்பத்திரில நம்மகூடவே கெடந்தது யாரு? மலருதான். அவங்ககிட்டப் போயி, ஒங்க மேளம் தொந்தரவா இருக்குன்னு சொல்ல ஒனக்கு நாக்கு வருமா?"

"தொந்தரவா இல்லியாம்மா?"

"இருக்கட்டும். சொல்லணுமா?"

இதுதான் நம் ஆட்களின் சட்டம். நன்றிக்கடன் உள்ள இடத்தில் புகார் செல்லாது. சுவரை மாற்றலாம். காதை மாற்றலாம். வாயைத் திறக்கக் கூடாது. சரி, சுவரை மாற்றுகிறேன் என்றேன்.

முதலில் நுரைப்பஞ்சுப் பலகைகள் வாங்கினேன். கறுப்பு. கூம்பு கூம்பாக. ஒலிப்பதிவுக் கூடங்களில் இருக்குமே, அது. சுவர் முழுக்க ஒட்டினேன். உட்கார்ந்து கேட்டேன். உருமி முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது. அந்தப் பஞ்சு வெளிச் சத்தத்தைத் தடுக்காதாம், மாமா. அறைக்குள் இருக்கும் எதிரொலியை மட்டும் விழுங்குமாம். ஒட்டிய பிறகுதான் படித்தேன். எதிரொலி போனதும் உருமியின் ஒவ்வொரு இழுப்பும் தனித்தனியாக, துடைத்து வைத்ததுபோல் வந்தது. நான் அனுப்பிய சோதனைப் பதிவைத் தேவிஸ்ரீ கேட்டுவிட்டு, "உன் வாய்ஸ் செம கிளியர். உருமியும் செம கிளியர்" என்றார்.

அந்த நேரத்தில்தான் அம்மா உங்களுக்குப் போன் செய்தார். அதை நான் தடுத்திருக்க வேண்டும்.

நீங்கள் வந்த நாளைப் பற்றி எழுத எனக்கு ஒரே மூச்சு தேவைப்படுகிறது. காலையில் கேட்டுக்கு வெளியே லாரி நின்றது, அதன் முதுகில் துவைத்துக் காயப்போட எடுத்துவந்த கம்பளிபோல் மடித்து மடித்துப் பழுப்பு ரப்பர் ஷீட்டுகள், ஊரில் எல்லோரும் ரப்பர் பாலைக் கட்டியாகவே விற்றுவிட்டு நிம்மதியாக இருக்கும்போது நீங்கள் மட்டும் அந்தப் பழைய மெஷினில் ஷீட் போட்டுப் புகையில் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறீர்களே, அவை, இறங்கும்போதே தெரு முழுக்க யாரோ புளித்த தயிரை விறகில் வாட்டுவதுபோல் ஒரு வாடை, நான் மூக்கைப் பொத்திக்கொண்டு "மாமா, இது எதுக்கு" என்றால் "லாரி டயரு ரப்பர்தான? அது இரும்பா இருந்தா ரோட்ல எப்படிச் சத்தம் போடும், யோசி! சத்தம் ரப்பர்ல பட்டா செத்துரும்" என்றீர்கள், நான் யோசித்து முடிப்பதற்குள் சுவரில் சட்டம் அடித்தாயிற்று, நுரைப்பஞ்சின் மேலேயே ஆணி, வரிசை வரிசையாக ஷீட், ஜன்னலுக்கு இரட்டை ஷீட், கதவிடுக்குக்கு ஒரு சுருள், நீங்கள் அடித்த அடியில் உருமியே பயந்து நின்றுவிட்டது, மலர்க்கொடி ஆன்ட்டி கோப்பி எடுத்துக்கொண்டு பார்க்க வந்துவிட்டார்.

அங்கேதான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கோப்பியை வாங்கிக் குடித்துவிட்டு நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல. காத்து படக் கூடாதுன்னுட்டாங்க."

மலாக்கா வெயிலில், ஜன்னலை அடைத்து, காற்றுப் படாமல் ஒரு பெண்ணை உள்ளே வைத்தால் நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள், மாமா? அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். சாயங்காலம் எங்கள் கேட்டில் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது. எனக்கு அம்மை போட்டிருக்கிறதாம். அம்மா அதை அவிழ்க்கவும் விடவில்லை. "அவிழ்த்தா குத்தம்டி. இருந்துட்டுப் போவட்டும்." அன்றிலிருந்து என்னால் வாசலுக்கு வர முடியவில்லை. வந்தால் எதிர்ச்சாரியில் இருப்பவர்கள் மரியாதையாக உள்ளே போய்விடுகிறார்கள். எதிர்வீட்டுச் சீனப் பெரியவருக்கு வேப்பிலை விவரம் தெரியாது. அவர் புகை வாடையைப் பிடித்துக்கொண்டு தோட்டக் குழாயோடு வந்துவிட்டார். "அமோய், எங்க எரியுது?" என்று மலாயில் கேட்டார். எங்கும் எரியவில்லை, ரப்பர் என்றேன். சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குழாயைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அறைக்குள் வெப்பம். எழுத்தில் வராது. மதியத்தில் ஷீட்டுகள் இளகும். முதுகைச் சாய்த்தால் ஒட்டிக்கொள்ளும். என் பின்னலில் ஒரு பகுதி இப்போது உங்கள் சுவரில் இருக்கிறது. மேசைவிசிறி சுற்றும் சத்தம் பதிவாகிறது என்பதால் அதையும் நிறுத்திவிட்டேன். தலையிலிருந்து வேர்வை ஹெட்செட்டுக்குள் இறங்குகிறது. ஒரு வாடிக்கையாளர் "ஏம்மா, அழுவுறியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை.

இத்தனையும் எதற்கு? மௌனத்துக்கு. மௌனம் வந்ததா? கேளுங்கள். உருமி கூடிவிட்டது. முன்பு அழைப்புகளுக்கு நடுவே வந்ததல்லவா? இப்போது அழைப்புகளின் மேலேயே வருகிறது. தொடக்கம் இல்லை, ஓய்வு இல்லை. நான் வணக்கம் சொன்னாலும் அடி, நன்றி சொன்னாலும் அடி. சுவர் வழியாக வரவில்லை. சுவரில் காதை வைத்துப் பார்த்தேன் (காதும் ஒட்டிக்கொண்டது). தலைக்கு மேலிருந்து வந்தது.

நாற்காலி போட்டு ஏறி, சீலிங்கின் மூலையில் இருக்கும் மூடியைத் தள்ளித் தலையை நுழைத்துப் பார்த்தேன். மாமா, அங்கே சுவரே இல்லை. நாங்கள் குடிவந்த நாளிலிருந்து நம்பிக்கொண்டிருக்கும் அந்தச் சுவர் சீலிங் வரைக்கும்தான். அதற்கு மேலே ஒரே கூரை. ஒரே இருட்டு. இந்த வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நீண்ட வெளி. அவர்கள் வீட்டுச் சீலிங்கின் விரிசலில் வெளிச்சம் தெரிந்தது. மலர்க்கொடி ஆன்ட்டி யாரிடமோ மீன் விலை பேசுவது என் காதருகே கேட்டது. வீடு கட்டியவர்கள் எங்களைக் கீழே மட்டும் பிரித்திருக்கிறார்கள்.

இதை உங்களிடம் சொன்னது என் தவறு. போனில் சொன்னேன். நான் முடிப்பதற்குள் நீங்கள், "அப்ப மேலயும் தொங்கவிடணும், அவ்ளோதான்" என்றீர்கள். வந்தீர்கள். தொங்கவிட்டீர்கள். சீலிங் பலகை என்ன கனம் தாங்கும் என்று அந்தப் பலகையைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. வியாழக்கிழமை நான் ஒருவரிடம் "வடிகட்டியை மெதுவாக இடப்பக்கம் திருகுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அது கீழே வந்தது. பலகை, பல்லி எச்சம், உங்கள் ஷீட், எல்லாம் என் மேல். அந்த மனிதர் திருகுவதை நிறுத்திவிட்டு, தன்னால்தான் ஏதோ உடைந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டார். ஓட்டை வழியாக உருமி தடையில்லாமல் இறங்கியது.

தேவிஸ்ரீ நேற்றுப் பேசினார். குரல் மாறியிருந்தது. திங்கட்கிழமை காலை என் அழைப்புகளை அவரே நேரடியாகக் கேட்கப் போகிறார். "இதான் கடேசி. எனக்கு வேற வழி இல்ல, ஷாந்தினி." அவர் மேல் கோபமில்லை. அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் மேளம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆகவே மாமா, இதுதான் கேட்பது. உங்கள் ஷீட் ஒவ்வொன்றையும் நீங்களே வந்து கழற்றி எடுத்துப் போக வேண்டும். ஆணிகளோடு. இனி எங்கள் வீட்டில் எந்தச் சத்தம் கேட்டாலும் நீங்கள் அதற்கு மருந்து சொல்லக் கூடாது. அந்த மேளக் குழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடுத்த வீட்டில் ஒருத்தி வாய் வலிக்கப் பேசிப் பிழைக்கிறாள் என்ற எண்ணம் கொஞ்சமும் இல்லாதவர்கள். கல் நெஞ்சு. அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே கைகள்தான் என்பது எனக்குப் புரியவில்லை. இந்தக் கடிதத்தை முடித்ததும் நேரே போய்ச் சொல்லப் போகிறேன். அம்மா சந்தைக்குப் போயிருக்கிறார். தடுக்க ஆளில்லை.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் காலில் விழுந்து ஆசி வாங்கியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நேரில் இப்போது விழும் மனநிலை இல்லை.

உங்கள் அக்காள் மகள்,
ஷாந்தினி

பி.கு. மேலே எழுதியதைக் கிழிக்கலாமா என்று யோசித்தேன். கிழித்தால் நீங்கள் தப்பித்துவிடுவீர்கள். இருக்கட்டும்.

போனேன். போர்ச்சில் நான்கைந்து பேர் உருமியும் தவிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. யுகேந்திரன் எழுந்துவிட்டான். மலர்க்கொடி ஆன்ட்டி உள்ளேயிருந்து ஓடிவந்து என் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"தழும்பே இல்லடி! தண்ணி ஊத்தியாச்சா?"

"எனக்கு அம்மையே இல்ல, ஆன்ட்டி."

"மாமா சொன்னாரே?"

"மாமா பொய் சொன்னாரு." வருத்தப்படாதீர்கள். வேறு வழியில்லை. தயாரித்து வைத்திருந்த வாக்கியத்தை எடுத்தேன். "நான் வேல செய்யிற நேரத்துல மேளம் அடிக்கிறீங்க. எனக்கு வேல போவப் போவுது."

யுகேந்திரன் விழித்தான். "வேலயா? நீங்க லீவுல இல்லியா?"

"எந்த லீவு? தெனமும் பேசிக்கிட்டுத்தான இருக்கேன்."

"ஒன்னுமே கேக்கலியேக்கா." அவன் கூட்டாளிகளைப் பார்த்தான். அவர்களும் தலையாட்டினார்கள். "முன்னலாம் ஜன்னல் வழியா நல்லாக் கேக்கும். நீங்க வணக்கம்னா நாங்க கைய எடுத்துருவோம். நன்றி, நல்ல நாளுன்னு சொன்னீங்கன்னா, சரி அக்கா முடிச்சிட்டாங்க, அடிங்கடான்னு ஆரம்பிப்போம். அப்படியேதான் ஓட்டுனோம். இப்பச் சத்தமே இல்ல. ஒடம்பு முடியலன்னு வேற சொன்னாங்க. அம்மாதான் சொன்னிச்சி, மாரியாத்தா வந்திருக்கா, அவ காதுல விழட்டும், நிறுத்தாம அடிங்கன்னு."

"ஒனக்காகத்தான்டி" என்றார் ஆன்ட்டி. "விரலு வீங்கிப்போச்சு பசங்களுக்கு."

நான் தயாரித்து வைத்திருந்த மற்ற வாக்கியங்களுக்கு அங்கே இடமில்லை. தஞ்சோங் கிளிங் நாளில்கூட நான் நன்றி சொன்ன பிறகுதான் அவர்கள் தொடங்கினார்கள். முடியாத அழைப்பை முடித்தது நான்தான்.

உங்கள் ரப்பர் வேலை செய்திருக்கிறது, மாமா. அதுதான் பிரச்சினை. உருமியை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. என்னைத்தான் அடைத்துவிட்டது. ஷீட்டுகளுக்கு நீங்கள் வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன்களே வந்து கழற்றிக் கொடுத்தார்கள். அடுக்கி வைத்திருக்கிறோம். வேப்பிலையை ஆன்ட்டியே அவிழ்த்தார்.

திங்கட்கிழமை காலை ஜன்னலை இரண்டு பக்கமும் விரியத் திறந்து, நாற்காலியை அதன் அருகே இழுத்துப் போட்டு, தெருமுனை வரைக்கும் கேட்கும்படி வணக்கம் சொன்னேன். அன்று காலையின் கடைசி வாடிக்கையாளர் போனை வைக்கும்வரை நன்றி சொல்லவில்லை. மத்தியானம் தேவிஸ்ரீயின் மதிப்பீடு வந்தது. பின்னணிச் சத்தம்: இல்லை. வேலை உறுதி. ஊழியரின் குரல் மிகவும் அதிகம், காரணம் எழுதவும்.

அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதினேன். அடுத்த அழைப்பு வந்தது. எடுத்தேன்.